எட்டு நாளுக்கு 1,600 வெள்ளி: மிஷன் டிரிப் போவதா, பணத்தை அனுப்புவதா?

ஜெனி_உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான், இன்றைக்குத்தான் முதலில் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் எங்கள் சபை வாலிபர் குழு டிசம்பரில் கம்போடியா போகிறது. பதினான்கு பேர், எட்டு நாள், கம்பொங் தொம் மாகாணத்தில் ஒரு கிராமம். ஆளுக்கு 1,600 வெள்ளி. முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), அப்புறம் ஒரு நாள் தண்ணீர் வடிகட்டி செய்து கொடுப்பது, ஒரு நாள் மருத்துவ முகாம், ஒரு மத்தியானம் அநாதைப் பிள்ளைகள் ஹோம், மிச்சம் வீடு சந்திப்பும் ஜெபமும், கடைசி நாள் அங்கோர் வாட். பெயர் கொடுத்துவிட்டேன், பாதிப் பணமும் கட்டிவிட்டேன்.

வீட்டில்தான் சண்டை. அப்பா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார், ஒரு ஞாயிறு ஆராதனை தவறவிடமாட்டார், அவர்தான் எதிர்ப்பு. "ஏட்டி, உன் டிக்கெட் காசை அப்படியே அனுப்பினால் அந்த ஊர் வாத்தியாருக்குச் சில மாசச் சம்பளம். நீ போய் என்ன செய்வாய்? உனக்கு அந்தப் பாஷை தெரியுமா, சுவர் எழுப்பத் தெரியுமா, ஊசி போடத் தெரியுமா? நீ ஆபீசில் கணக்கு எழுதுகிறவள்" என்கிறார். கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை.

சபையில் கேட்டால் "இயேசு போகச் சொன்னார், போகிறோம்" என்கிறார்கள். அது எனக்கும் தெரியும், மத்தேயு 28 சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான். "போனால் உன் வாழ்க்கையே மாறும்" என்று போன வருஷம் போனவர்கள் சாட்சி சொல்கிறார்கள். என் வாழ்க்கை மாறுவதற்கு ஏன் கம்போடியாக்காரர்கள் செலவாக வேண்டும் என்பதும் எனக்கு நெருடுகிறது.

பணம் அனுப்பலாம், அங்கேயே இருக்கிற ஊழியர்களைத் தாங்கலாம், ஜெபிக்கலாம். அதையெல்லாம் தாண்டி ஒரு கிறிஸ்தவர் உடம்போடு அங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறதா? போனவர்கள் சொல்லுங்கள். போய் வருத்தப்பட்டவர்களும் சொல்லுங்கள்.


கொட்டாரத்தான்

தங்கச்சி, உங்கள் அப்பா பக்கம்தான் நான்.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாப்டிஸ்ட் சபை ஆட்களைக் கொண்ட ஒரு குழு, பத்துப் பேர், 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசு எல்லையில் பிடிபட்டார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை, நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் எவ்வளவு தூரம் போய்விடலாம் என்று சொல்கிறேன்.

2018 நவம்பரில் அந்தமானில் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன அமெரிக்க வாலிபரை எல்லாரும் பேசினோம், தியாகி என்று ஒரு கூட்டம், முட்டாள் என்று ஒரு கூட்டம். அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானதைப் பற்றி யாராவது ஜெபக் கூட்டத்தில் பேசினார்களா?

நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதம் மாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளியூர் குழு துண்டுப் பிரதி கொடுத்து, போட்டோ எடுத்து, முகநூலில் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடும். போலீஸ் கதவைத் தட்டுவது உள்ளூர்ப் பாஸ்டர் வீட்டில். டிக்கெட் எடுத்தவருக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது, கூட நின்றவனுக்கு அதுதானே வீடு.

பணத்தை அனுப்புங்கள். நம்பிக்கையான ஆளுக்கு அனுப்புங்கள். எட்டு நாள் லீவு போட்டுச் சொந்த ஊருக்குப் போய் வாருங்கள்.


பைப்மேன்_யீஷுன்

ஜெனிம்மா, எனக்கு வயது 61, நாற்பது வருஷம் குழாய் வேலை, இப்போது ஓய்வு. கம்போடியாவுக்கு ஆறு முறை போயிருக்கிறேன், ஆறும் ஒரே கிராமம். கொட்டாரத்தான் தம்பி சொன்னது எல்லாம் நடந்தவைதான், நான் மறுக்கவில்லை, அதோடு என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்.

முதல் தடவை 2013. உங்கள் குழு மாதிரியே வடிகட்டி வேலை. பயோசேண்ட் என்கிற மணல் வடிகட்டி, இடுப்புயர சிமெண்டுப் பெட்டி, அடியில் ஜல்லி, மேலே கழுவின மணல், ஒரு ஓரமாகக் குழாய். கரண்ட் வேண்டாம், உதிரிப் பாகம் வேண்டாம். ஐந்து நாளில் பன்னிரண்டு செய்து வீடு வீடாக வைத்துவிட்டு, கட்டிப்பிடித்து, கண்ணீரோடு கிளம்பினோம். சபையில் சாட்சி சொல்லும்போது "பன்னிரண்டு குடும்பத்துக்குச் சுத்தமான தண்ணீர்" என்று நானே மைக்கில் சொன்னேன்.

பதினோரு மாதம் கழித்துப் போனால் ஏழு வடிகட்டி சும்மா கிடக்கிறது. ஒன்றில் கோழி முட்டையிட்டு அடை காக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காரணம் சின்னதுதான். அந்த மணல் மட்டும் தண்ணீரைச் சுத்தம் செய்யாது, மணலின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்படலம் ஒன்று படிய வேண்டும், அதுதான் கிருமியைத் தின்னும். அது படிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் போகப் போக நீர் வடிவது மெதுவாகும், அப்போது மேல் மணலைக் கையால் மெல்லக் கலக்கி அந்தக் கலங்கலை மட்டும் எடுத்து ஊற்ற வேண்டும். இதையெல்லாம் ஆறாம் நாள் போகிற அவசரத்தில், மொழிபெயர்ப்பாளர் பாதி விழுங்கிவிட, ஒரே தடவை சொன்னோம். தண்ணீர் மெதுவானதும் கெட்டுப்போய்விட்டது என்று மூடி வைத்துவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை. நாங்கள் சிங்கப்பூரில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் போகவே வேண்டாம், பணம் அனுப்பு என்று அங்கேயே முடிவு செய்திருப்பேன். நடந்ததே வேறு. அதே பயணத்தில் சபை சார்பாக அடுத்து ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கலாம் என்று பணமும் திரட்டியாகிவிட்டது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஊர்ப் பாஸ்டரின் மச்சினர், கண்டால் மாகாணத்துக்காரர், தன் உள்ளங்கையைக் காட்டினார். தடித்து, புள்ளி புள்ளியாக இருந்தது. ஆர்செனிக் விஷம். அவர் ஊரில் நல்லெண்ணத்தில் யாரோ போட்டுக் கொடுத்த கிணற்றுத் தண்ணீர். மேக்கோங் ஆற்றுப்படுகையில் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஆர்செனிக் உண்டு, நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. அப்புறம் விசாரித்தால் வங்காளதேசத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1970களிலிருந்து வயிற்றுப்போக்கைத் தடுக்க லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள், 1990களில்தான் அதில் ஆர்செனிக் என்று ஊருக்கே தெரிந்தது. என் மணல் வடிகட்டியும் ஆர்செனிக்கை எடுக்காது, துருப்பிடித்த இரும்பு ஆணி ஒரு அடுக்கு போட்டால்தான் ஓரளவு எடுக்கும்.

பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் கிணறு வந்திருக்கும், பித்தளைப் பலகையில் எங்கள் சபை பெயரும் வந்திருக்கும், உள்ளே என்ன வந்திருக்கும் என்று யாரும் சோதித்திருக்கமாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு என் பதில் இதுதான். அனுப்புகிற பணத்துக்கும் கண் வேண்டும். அந்த உள்ளங்கையை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பியிருக்கமாட்டார்கள், ஏனென்றால் கொடுக்கிறவரிடம் குறை சொல்ல எந்த ஏழைக்கும் வாய் வராது. இரண்டாம் தடவை வந்து, அவர்கள் வீட்டுத் தரையில் படுத்து எழுந்து, கோழி முட்டையைப் பார்த்து நானே சிரித்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் கையை நீட்டினார்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். பதினான்கு பேர் போவதை விட்டு மூன்று பேர் போனோம். அந்த ஊர்ச் சபை உதவிக்காரர் மனைவி ஒருவர் முதலில் நோம்பென் போய் வடிகட்டிப் பயிற்சி எடுத்து வந்தார். வேண்டும் என்று கேட்ட வீட்டுக்குத்தான் வடிகட்டி, மணல் சலித்துக் கழுவுவது அந்த வீட்டார் வேலை (மணல் கழுவுவதுதான் இதில் முதுகை ஒடிக்கிற வேலை, கேட்டுப் பாருங்கள்). அந்தம்மா வாரம் ஒருமுறை எல்லா வீட்டையும் பார்த்து வருகிறார். நான் போனால் அவருக்குக் கீழே வேலை செய்கிறேன்.

மக்கெதோனியாக்காரன் பவுலுக்குத் தரிசனத்தில் தோன்றி வந்து உதவி செய் என்றான். பவுல் போகக் கூடாது என்றில்லை, அங்கிருந்து ஒருவன் கூப்பிட்டான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் குழுவை யார் கூப்பிட்டார்கள்? என்ன செய்யச் சொல்லிக் கூப்பிட்டார்கள்? இதை உங்கள் லீடரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த ஹோம் மத்தியானத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். கம்போடியாவில் ஹோம்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிற வெளிநாட்டார் கூடக் கூட ஹோம்களும் கூடின என்று யுனிசெப் முதல் அங்குள்ள குழந்தைகள் அமைப்புகள் வரை சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நாம் பார்க்கப் போவதே பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கிற காரணமாகிவிடுகிறது.

அங்கோர் வாட் பாருங்கள், பாவமில்லை. அந்த எழுத்தையும் பாருங்கள், கெமர் எழுத்து நம் பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது, சுவரில் பார்த்தால் எங்கோ பழகின முகம் மாதிரி இருக்கும்.


நைட்_டியூட்டி

பைப்மேன் ஐயா சொன்னதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை, மருத்துவ முகாம் பற்றி மட்டும்.

நான் நர்ஸ், ஊர் மார்த்தாண்டம் பக்கம், இப்போது இங்கிலாந்தில் வேலை. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் எட்டு வாரம் சம்பளமில்லா லீவு போட்டு மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் குளோபல் மெர்சி கப்பலில் வேலை செய்தேன், சியரா லியோன் நாட்டில் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் நின்றது. 1978இல் தொடங்கின கிறிஸ்தவ அமைப்பு. அங்கே வேலை செய்கிற டாக்டர், நர்ஸ், சமையல்காரர், இன்ஜின் ரூம் ஆள் எனப் பெரும்பாலானவர்கள் விமான டிக்கெட்டும் தங்குகிற செலவும் தாங்களே போட்டுக்கொள்கிறவர்கள். ஆறு ஆபரேஷன் தியேட்டர், ஏறக்குறைய 200 படுக்கை. தாடையில் தேங்காய் அளவு கட்டி, தீக்காயத்தில் ஒட்டிப்போன கழுத்து, வளைந்த கால்கள், அண்ணப்பிளவு, இதெல்லாம் நம் ஊர் மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே சின்ன வயதில் சரி செய்துவிடுவோம், அங்கே சர்ஜன் எண்ணிக்கை அவ்வளவு குறைவு, அதனால் இருபது வருஷம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வாழ்ந்தவர்கள் வருகிறார்கள். ஜெனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே எனக்குப் பதில் இருந்தது. கட்டு மாற்றுகிற கையைப் பணமாக அனுப்ப முடியாது.

ஆனால் கப்பல் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் புண்ணைப் பார்க்க ஆள் இருக்கிறது, அந்த நாட்டு அரசோடு ஒப்பந்தம் இருக்கிறது, உள்ளூர் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி நடக்கிறது. ஒரு நாள் முகாம் அப்படியில்லை. பிரஷர் பார்த்து 180 இருக்கிறது என்று சொல்லிப் பதினைந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் பதினாறாம் நாள் அந்தப் பாட்டி என்ன செய்வார்? மாத்திரை நின்றதும் பிரஷர் திரும்ப ஏறும், பயம் மட்டும் கூடுதலாக இருக்கும். அந்த ஊர் சுகாதார நிலையத்து ஆட்களோடு சேர்ந்து, அவர்கள் மருந்துப் பட்டியலில் இருப்பதை, அவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது முகாம். அந்த நாட்டில் அனுமதி வாங்கின டாக்டர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மெடிக்கல் காலேஜ் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன், நம் பிள்ளைகளின் காதை அப்படி ஒருவர் பரிசோதிக்க விடுவோமா?

குறுகிய பயணத்துக்கு ஆதாரமாக எல்லா வாலிபர் கூட்டத்திலும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மா கதையைச் சொல்வார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தவர், மிஷனெரியாக இருக்க இஷ்டமே இல்லாமல் திரும்பிப் போகிற எண்ணத்தோடு வந்தவர், ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்டு, யாரும் இல்லாமல் மூன்று பெண்களும் இறந்துபோக, மனசு மாறினார். சரி. அதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அவர் அங்கேயே நின்று முகாம் போடவில்லை, திரும்பிப் போய்ப் படித்தார், 1899இல் டாக்டராகி 1900இல் வந்தார். 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909இல் நர்சிங் பள்ளி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. வேலூரில் இன்று இருப்பது அந்த ராத்திரியால் வந்தது என்பது பாதிதான், அந்த ராத்திரிக்குப் பிறகு படித்த படிப்பாலும், உள்ளூர்ப் பெண்களையே டாக்டராக்கியதாலும் வந்தது. எட்டு நாள் போய் வந்த பிறகு ஒன்பதாம் நாள் என்ன என்று உங்கள் குழு யோசித்திருக்கிறதா?


விடுதி_37

ஹோமுக்கு வருகிற குழுக்கள் எடுக்கிற போட்டோவில் நிற்கிற பிள்ளை நான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு விடுதியில் ஒன்பது வருஷம் வளர்ந்தேன், விடுதி பெயர் வேண்டாம். அப்பா அம்மா இரண்டு பேரும் உண்டு, உப்பளத்தில் வேலை. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கொண்டுவிட்டார்கள், தப்பு சொல்லமாட்டேன், படித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி வந்தால் வெளிநாட்டுக் குழு வரும். பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டை வெளியே வரும், அவர்கள் போனதும் திரும்பப் பீரோவுக்கே போகும். எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலப் பாட்டைப் பாடுவோம். பலூன், மிட்டாய், கயிறு இழுக்கிற போட்டி. கடைசி நாள் அந்த அக்காமார் எங்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அடுத்த வருஷம் வேறு அக்காமார், அதே அழுகை. என் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன் இருந்தான், இரண்டாம் கிளாஸ். அவன் ராத்திரி என்னை எழுப்பி, "அண்ணே, நமக்கு என்ன ஆகப்போவுது? ஏன் எல்லாரும் அழுவுறாங்க?" என்று கேட்டான். நமக்கு ஏதோ பெரிய நோய், சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். அதனால் ஜெனி அக்கா, ஐயா சொன்னதையே நானும் சொல்கிறேன், ஹோமுக்குப் போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் அழாதீர்கள்.

ஆனால் யாருமே வரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஒருத்தரால்.

அவர் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவோடு வந்த வயதானவர். இரண்டாம் வருஷம் வந்தபோது அவருக்கு வயிற்றுக்கடுப்பு. மற்றவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள், இவரால் போக முடியவில்லை. வாட்ச்மேன் வீட்டு அக்கா நாலு நாள் கஞ்சியும் துவையலும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் விருந்தாளி மேசையில் சாப்பிட்டதே இல்லை, அடுக்களைக்கு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். அவர் எங்களிடம் வாங்கிச் சாப்பிட்டார், மற்ற எல்லாரும் எங்களுக்குக் கொடுத்தார்கள். வித்தியாசம் அதுதான், அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிறு என் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். இவர் பேசிப் பேசி, மறுநாள் விடியுமுன் அப்பாவோடு உப்பளத்துக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் உப்பு வாரியிருப்பார், உப்புத் தண்ணீரில் காலெல்லாம் வெந்துவிட்டது. அப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மொத்தம் ஆறு ஜனவரி வந்தார். எங்களுக்கு என்று பெரிதாக எதுவும் கொடுத்த ஞாபகம் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று கடிதம் வந்த அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. தினக்கூலிக்காரர், சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே அரை நாள்தான் லீவு எடுத்தவர்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரரான அசரியா பேராயர் பற்றிப் படித்தேன். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், ஆசியாக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 35 வயதுத் தமிழர் எழுந்து அவ்வளவு பெரிய மனிதர்கள் முகத்துக்கு நேரே பேசினார். ஏழைகளுக்காக உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உங்கள் உடம்பையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஐ அவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். அரங்கத்தில் பலருக்குக் கசந்தது. எனக்கு அதைப் படித்ததும் அந்த மெக்கானிக் தாத்தாவின் வெந்த கால்தான் ஞாபகம் வந்தது.

கொட்டாரத்தான் அண்ணன் பணம் அனுப்பச் சொல்கிறார். அண்ணே, எங்கள் விடுதிக்குப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. பணம் அனுப்பியவர் யார் என்று என் அப்பாவுக்கு இன்று வரை தெரியாது.


கொட்டாரத்தான்

தம்பி, சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆறு ஜனவரி வந்த ஒருத்தருக்கு எத்தனை பேர் ஒரே ஜனவரியோடு போனார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.


விடுதி_37

எண்ணியிருக்கிறேன் அண்ணே. நூறுக்கு மேலே இருக்கும்.


ஜெனி_உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன கேள்விகளை எழுதிக்கொண்டுபோய்க் குழு லீடரிடம் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார், "விசுவாசமில்லாமல் பேசாதே" என்றும் சொன்னார். அப்புறம் அவரே ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, அந்த ஊர்ப் பாஸ்டரிடம் பேசினேன் என்றார். நிகழ்ச்சி நிரலை நாம்தான் இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறோம், அவர்கள் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹோம் போவது எடுத்தாகிவிட்டது. முகாம் இந்த வருஷம் இல்லை. வி.பி.எஸ்.ஸை அந்த ஊர் ஞாயிறு பள்ளி டீச்சர்களே நடத்துகிறார்கள், நாங்கள் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும். பதினான்கு பேரில் ஐந்து பேர் விலகிவிட்டார்கள், அதில் இரண்டு பேருக்கு என் மேல் கோபம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பாஸ்டர், கணக்கு தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம். அங்கே மைக்ரோ கடன் பெரிய தலைவலி, நிலப்பத்திரத்தை அடகு வைத்து வாங்கிவிட்டு, கட்ட முடியாமல் நிலத்தை விற்றுவிட்டு தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து சேமிப்புக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரே நோட்டில் ரியல் (கம்போடியப் பணம்), டாலர் இரண்டையும் கலந்து எழுதி, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதில் சண்டை வந்து நிற்கிறது. நான் ஆபீசில் எட்டு வருஷமாகச் செய்கிற வேலையே இதுதான். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அவர் பாட்டி கதையைச் சொன்னார். ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகத் தகரடப்பாவில் போடுவார்களாம், மாசம் ஒருமுறை சபைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், அது மிஷனெரிகளுக்கு. 1903இல் திருநெல்வேலிக்காரர்களே, நம் ஆள் நம் பணம் என்று ஆரம்பித்த இந்திய மிஷனெரி சங்கத்துக்கு. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு அதிலிருந்துதான் ஆள் போனது, அசரியாவும் பிற்பாடு அங்கே போய்த் தெலுங்கு படித்து அங்கேயே தங்கிவிட்டார். "சோத்துக்கே இல்லாத வீட்டிலிருந்து அரிசி போச்சு, ஆளும் போச்சு, ஆனா போனவன் பாஷை படிச்சான்" என்றார். போ என்று சொல்லவில்லை, மிச்சப் பணத்துக்குப் பாதி அவர் கட்டினார்.

மூன்று வருஷம், ஒவ்வொரு டிசம்பரும் என்று அந்தப் பாஸ்டருக்கு வாக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன், பயமாகவும் இருக்கிறது. பைப்மேன் ஐயா, கெமர் மொழியில் எண்ணிக்கை மட்டுமாவது போவதற்குள் படித்துவிட முடியுமா? கணக்கு நோட்டில் அவர்கள் எண்ணை அவர்கள் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று ஆசை.


பைப்மேன்_யீஷுன்

முடியும்மா. ஐந்து வரை படித்தால் ஒன்பது வரை வந்துவிடும். மூய், பீ, பை, புவன், ப்ரம். ஆறுக்குத் தனிப் பெயர் கிடையாது, ப்ரம் மூய், ஐந்தும் ஒன்றும். ஏழு ப்ரம் பீ. பத்துக்கு மட்டும் தனியாக டொப். உச்சரிப்பு நான் எழுதியிருக்கிற மாதிரி இருக்காது, வாயைக் கோணிக்கொண்டு சொல்ல வேண்டும், என்னை இன்னமும் சிரிக்கிறார்கள். சனிக்கிழமை ஆராதனைக்குப் பிறகு அங் மோ கியோவில் ஒரு கம்போடியத் தங்கச்சி வீட்டில் நாங்கள் நாலு பேர் படிக்கிறோம், தனிச் செய்தியில் கேளுங்கள், இடம் சொல்கிறேன். நோட்டு ஒன்று கொண்டு வாருங்கள், கட்டம் போட்டது.

ரியலுக்கும் டாலருக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள். ஒரு டாலருக்கு 4,000 ரியல் சொச்சம், அந்தச் சொச்சத்தில்தான் சண்டை வரும்.